மிசியே எறிந்த ஓவர்

எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த மனிதர் ஒரு காலத்தில் பந்து எறிந்து சம்பளம் வாங்கியவர் என்பதை அப்பா கடைசிவரை முழுதாக நம்பவில்லை. பந்து எறிவதற்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்பது அவருடைய கேள்வி. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராகவும், சனி ஞாயிறுகளில் கிரிக்கெற் அம்பயராகவும் இருந்தவர் அப்பா. கிரிக்கெற்றில் பந்து போடுகிறவன் கையை நீட்டிப் போடவேண்டும். மடித்து எறிந்தால் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்வதற்கென்றே ஆட்களைப் பிடித்து, சீருடை மாட்டி, ரயிலேற்றி ஊரூராகக் கொண்டுபோய், காசும் கொடுத்தார்கள் என்றால் அவரால் எப்படி நம்பமுடியும்? இந்த நாட்டில் எதையும் நம்பலாம், இதை மட்டும் நம்பேலாது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரிப்பார்.

அப்போது நாங்கள் மொன்றியலில், லாசால் என்ற பகுதியில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான சின்னமாமா. பின்பக்கம் இரும்புப் படி இறங்கி சந்துபோல ஓர் ஒழுங்கையில் முடியும். அந்தப் படியடியில் ஒரு சமையலறைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கீழ்வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். பிரெஞ்சுக்காரர், தனி ஆள், அறுபதைத் தாண்டியவர். நாங்கள் அவரை மிசியே என்று கூப்பிடுவோம். பிரெஞ்சில் எல்லா ஆம்பிளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவது, ஆனால் எங்கள் வீட்டில் மிசியே என்றால் அவர் ஒருவர்தான். பல்லு எடுக்கும் டொக்டர்கூட எங்களுக்கு வெறும் டொக்டர்தான்.

மிசியேயையும் எங்களையும் சேர்த்துவைத்தது சின்னமாமா. மாமா ஊரில் வேகப்பந்து வீச்சாளர். இங்கே நகரத்துக்குள் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். வேலை இல்லாத பகல்களில் ஒழுங்கையில் ஓடி வந்து ஓடி வந்து ஒரு குப்பை வாளிக்குப் பந்து போடுவார். அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். ஒருநாள் பந்து உருண்டுபோய் மிசியேயின் தக்காளிப் பாத்திக்குள் விழுந்தது. மிசியே எழும்பி, பந்தை எடுத்து, அம்மா கத்தரிக்காயை அழுத்திப் பார்ப்பதுபோல அதன் தையலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நின்ற இடத்தில் நின்றபடியே எறிந்தார். பந்து ஒழுங்கையின் மறுதலைப்பில் இருந்த வாளியில் போய் மோத, வாளி கவிழ்ந்து, குப்பையெல்லாம் வெளியே. மாமா வாளியைப் பார்த்தார், மிசியேயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, கேள் பிள்ளை, இந்த மனிசன் ஆர் என்று கேள் என்றார்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தொலைபேசி எடுப்பது, வீட்டுச் சொந்தக்காரரோடு கதைப்பது, டொக்டரிடம் அம்மாவின் வருத்தத்தைச் சொல்வது எல்லாம் என் வேலை. ஆகவே மிசியேயின் வாழ்க்கையையும் நான்தான் கேட்டு மாமாவுக்குச் சொன்னேன். மாமாவுக்குப் பாதி போதும். எங்கே விளையாடினார், எவ்வளவு வேகம் என்று தெரிந்ததும் அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மிச்சப் பாதியைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அம்மா வறுத்த கச்சான் கடலையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படியிறங்குவேன். மிசியே கதையைத் தொடங்குவார். எப்போதும் ஒரே கதைதான். எனக்கும் ஒரே கதை கேட்பதில் அலுப்பில்லை.

நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் அப்போது ஒரு மைதானம் இருந்ததாம். பிறகு அதை இடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். அந்த மைதானத்தில் விளையாடிய பேஸ்போல் குழுவில் அவர் பந்து எறிகிறவர். அந்தக் குழு அமெரிக்காவிலிருந்த ஒரு பெரிய குழுவின் தம்பிக் குழுபோல. இங்கே நன்றாக விளையாடுகிறவனை ஒருநாள் மேலே கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று இவர் காத்திருந்தார். கோடை முழுக்க பஸ்ஸிலும் ரயிலிலும் அலைச்சல், மூட்டைப்பூச்சி கடிக்கும் விடுதிகள். குளிர் காலத்தில் கியூபாப் பக்கம் போய் அங்கேயும் எறிந்தார். முழங்கை வீங்கினால் ஐஸ் கட்டிக்கொண்டு படுப்பார். கல்யாணம் கட்டிய பெண் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதைச் சொல்லும்போது மிசியே குரலை மாற்றமாட்டார், மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். ரயிலேறிப் போனார். பெரிய குழுவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பல நாட்கள் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். ஒரு பின்னேரம், குழு இக்கட்டில் மாட்டிக்கொண்டபோது, போய் எறி என்றார்கள்.

இந்த இடத்தில் மிசியே கதிரையை விட்டு எழும்புவார். பேஸ்போலில் எறிகிறவனுக்கு எதிரே துடுப்போடு ஒருவன் நிற்பான், அவனுக்குப் பின்னால் அம்பயர் நிற்பார். பந்து சரியான இடத்தால் போனால் அம்பயர் வலது கையை வீசித் தூக்குவார். அது நல்ல எறி. சரியில்லை என்றால் கையைத் தூக்கமாட்டார், சும்மா நிற்பார். நாலு தடவை சும்மா நின்றால் துடுப்புக்காரன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்துபோய்விடலாம், எறிந்தவனுக்கு வெட்கக்கேடு. இதையெல்லாம் மிசியே எனக்கு நடித்தே காட்டுவார். எறிகிறவரும் அவர்தான், அம்பயரும் அவர்தான்.

முதல் பந்தை முழங்கால் உயரத்தில், மூலையில் எறிந்தாராம். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், அது நல்ல பந்து என்பார். அம்பயரின் கை எழும்பவில்லை. அடுத்ததும் நல்ல பந்து. கை எழும்பவில்லை. அதற்கடுத்ததற்கும், கடைசியாக எறிந்ததற்கும் அந்த மனிதன் கல்லுப்போல நின்றான். துடுப்புக்காரன் துடுப்பைப் போட்டுவிட்டு நடந்து போனான்.

அதோடு மிசியே பேச்சை நிறுத்திவிடுவார். பிறகு தன் வலது கையை எனக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, அப்படியே வைத்திருப்பார். கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். கதை முடிந்தது, கச்சான் கேட்கிறார் என்று எனக்கு விளங்கும். கோயிலில் பூசை முடிந்ததும் ஐயர் பிரசாதம் போடுவதுபோல ஒரு பிடி கச்சானை அள்ளி அந்தக் கையில் வைப்பேன். மிசியே ஒரு கணம் திடுக்கிட்டவர்போலப் பார்ப்பார். பிறகு சத்தமாகச் சிரித்து, உட்கார்ந்து, கோது நீக்கிச் சாப்பிடத் தொடங்குவார். ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது.

அதன்பிறகு அவரை மேலே யாரும் கூப்பிடவில்லை. கையும் போய்விட்டது. பியர் லொறி ஓட்டி, ஓய்வு எடுத்து, இப்போது தக்காளி வளர்க்கிறார். எனக்கு அவர் சொன்ன ஒரே ஆசை இதுதான்: ஒரு உண்மையான ஆட்டத்தில், உண்மையான அம்பயருக்கு முன்னால் நின்று இன்னும் ஒருக்கால் எறியவேண்டும். அந்தக் கை எழும்புவதை ஒருக்கால் பார்த்துவிடவேண்டும். பேஸ்போல் விளையாடுகிறவர்கள் யாரும் இந்தக் கிழவனைச் சேர்க்கமாட்டார்கள் என்றும் சொன்னார். நான் மாமாவிடம் போய், மிசியேக்கு மட்ச் விளையாட விருப்பமாம் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பில் அவ்வளவுதான் மிஞ்சியது.

மாமாவுக்கு அது காணும். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கும் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்கும் வருஷா வருஷம் கோடையில் ஒரு கிரிக்கெற் ஆட்டம் நடக்கும். ஊரில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு வயல்தான். மொன்றியலுக்கு வந்தபிறகும் அந்த வயல் எல்லோருடைய நெஞ்சிலும் கிடந்தது. அந்த வருஷம் எங்கள் பக்கத்துக்கு மாமா கப்டன். ஆட்களும் தட்டுப்பாடு. கோப்பை கழுவுகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் திங்கட்கிழமை வேலை இராது. அதனால் மிசியேயை ஒரு ஆளாகச் சேர்க்க மாமா முடிவெடுத்தார். ஒழுங்கையில் வைத்துப் பழக்கவும் தொடங்கினார்.

அந்தப் பழக்கத்தைப் பார்க்க நாங்கள் எல்லோரும் படியில் இடம்பிடிப்போம். மாமா தன் கையை நீட்டிக் காட்டுவார். மிசியே தலையாட்டுவார். பந்தை வாங்குவார், உடம்பை முறுக்குவார், ஒரு காலைத் தூக்குவார், எறிவார். பந்து போகிற சத்தம் காதில் விழும், ஆனால் கை மடிந்துதான் வரும். மாமா அவருடைய முழங்கையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். அது நிமிரவில்லை. அத்தனை வருஷ எறியில் அந்த மூட்டு அப்படியே இறுகிப்போயிருந்தது. மாமா கையை விட்டுவிட்டு, பரவாயில்லை மிசியே, நீங்கள் எல்லைக் கோட்டில் நின்று பந்து பிடியுங்கோ என்று தமிழில் சொன்னார். மிசியே மெர்சி என்று நன்றி சொன்னார்.

ஆட்டத்தன்று மிசியே விடியவே எழும்பி எங்களுக்காக வாசலில் காத்திருந்தார். வெள்ளைக் காற்சட்டை, இஸ்திரி போட்ட சட்டை, முகம் வழித்து மினுமினுவென்று இருந்தார். தலையில் பழைய குழுவின் தொப்பி. அதன் நிறம் நீலமா சாம்பலா என்று சொல்லமுடியாத அளவுக்கு வெளுத்திருந்தது. பஸ்ஸில் என்னருகே உட்கார்ந்து, அம்பயர் யார் என்று கேட்டார். என் அப்பாதான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் திரும்பி முன் சீட்டிலிருந்த அப்பாவின் பின்தலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்பா அம்பயர் என்றால் இரண்டு ஊருக்கும் சம்மதம். ஏனென்றால் மைதானத்தில் இறங்கினால் அவருக்கு மச்சானும் இல்லை, மருமகனும் இல்லை. முந்தின வருஷம் மாமாவையே முதல் பந்தில் அவுட் கொடுத்து அனுப்பியவர். அதற்காக அம்மா கொஞ்சக் காலம் அவருக்குத் தேத்தண்ணியில் சீனி போடவில்லை.

எங்கள் ஆட்கள் முதலில் ஆடி, சுமாராக அடித்தார்கள். பிறகு பக்கத்து ஊர் ஆடத் தொடங்கியது. மிசியே எல்லைக் கோட்டில் நின்றார். பந்து அந்தப் பக்கம் போகவேயில்லை. ஒவ்வொரு ஓவர் முடியும்போதும் அவர் மாமாவைப் பார்ப்பார், மாமா வேறெங்கோ பார்ப்பார். கடைசியில் மாமாவுக்குத் தாங்கவில்லை. இடைவேளையில் அப்பாவிடம் வந்தார். நான் அம்மாவோடு பாயில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அத்தான், மிசியேக்கு ஒரேயொரு ஓவர் குடுக்கப்போறன். நீங்கள் கொஞ்சம் கண்டும் காணாத மாதிரி விடுங்கோ.”

“எறிஞ்சா நோபோல். அது ஆர் எறிஞ்சாலும் நோபோல்தான்.”

“வயசு போன மனிசன், அத்தான்.”

“தம்பி, வயசு போனாக்களுக்கு வேற சட்டம் எண்டு எந்தப் புத்தகத்தில கிடக்கு? நீர் குடுக்கிறதெண்டால் குடும். நான் என்ர வேலையைச் செய்வன்.”

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தா. அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். மாமா, வருவது வரட்டும் என்று பந்தைக் கொண்டுபோய் மிசியேயின் கையில் வைத்தார்.

மிசியே பந்தைத் தடவினார். காலால் மண்ணைக் கிளறிச் சமப்படுத்தினார். எதிரே துடுப்போடு நின்றவர் தடித்த ஆள், ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர், கை பலமான கை. மிசியே உடம்பை முறுக்கிக் காலைத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்க வாயெடுத்தார்கள். சிரிப்பு வருவதற்குள் பந்து போய்விட்டது. கொத்துரொட்டிக்காரர் துடுப்பைத் தூக்கவேயில்லை. விக்கெற் காப்பவர் கையை உதறிக்கொண்டு ஐயோ என்றார்.

அப்பா நோபோல் என்று கூவி, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

மிசியே எறிந்த கையோடு திரும்பி அப்பாவைத்தான் பார்த்தார். நீட்டிய கையைக் கண்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில்கூடக் கண்டதில்லை. என்ன நடந்தது என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. அவருடைய ஆட்டத்தில் அம்பயர் கையைத் தூக்கினால் நல்ல எறி. எங்கள் ஆட்டத்தில் அது குற்றம். மிசியேக்கு எங்கள் ஆட்டம் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன், சிரிப்பும் சந்தோஷமும் தாங்கமுடியவில்லை. மிசியேயின் ஆசை நிறைவேறிவிட்டது. அதைச் செய்து கொடுத்தவர் கடுகளவும் வளைந்து கொடுக்காத என் அப்பா.

மிசியே மறுபடி எறிந்தார். கை நீண்டது. மறுபடி எறிந்தார். நடுக்கம்பு பிடுங்கிக்கொண்டு பறந்தது. எங்கள் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள், பிறகு அப்பாவின் கையைக் கண்டு அடங்கினார்கள். மிசியே கம்பு பறந்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்குக் கம்பு எதற்கு? அவர் பார்த்தது அப்பாவை. அப்பாவின் கை நேராக, தோள் உயரத்தில் நின்றது. மிசியே தொப்பியைக் கழற்றி அப்பாவுக்கு மரியாதை செய்தார். அப்பாவுக்கு அது பிடிபடவில்லை. பதிலுக்குத் தலையசைத்துவைத்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நோபோலைப் பந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓவர் முடிய நல்ல பந்துகள் வேண்டும். மிசியே போடுகிறதெல்லாம் நோபோல் என்றால் ஓவர் எப்போது முடியும்? முடியாது. விடிய விடிய எறிந்தாலும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு ஓட்டம் ஏறிக்கொண்டே போகும். அது முதலில் பிடிபட்டது பக்கத்து ஊர்க்காரருக்குத்தான். அவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். நல்லா எறியுங்கோ மிசியே, இன்னும் எறியுங்கோ என்றார்கள். யாரோ ஒருவர், மாங்காய்க்கு எறியிறமாதிரி எறியுறார் எண்டு சொல்ல, மரத்தடியே சிரித்தது. மிசியேக்கு அந்தச் சிரிப்பும் கைதட்டும் ஒன்றுதான். ஒரு சனக்கூட்டம் தனக்காகச் சத்தம் போடுகிறது என்று நினைத்தார். வியர்வை வழிய, முழங்கையை இடது கையால் ஒருமுறை பிடித்துவிட்டுக்கொண்டு, மறுபடி காலைத் தூக்கினார்.

அம்மாவால் பார்க்கமுடியவில்லை. “பாவம் அந்த மனிசன். ஆராவது போய் நிப்பாட்டுங்கோவன்” என்று பொதுவாகச் சொன்னா. நான், இல்லையம்மா, அவர் சந்தோஷமாக நிற்கிறார் என்றேன். அம்மா என்னைச் சோடாப் போத்தல்களை எண்ணிவைக்கச் சொன்னா.

மாமாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. தோற்பது அவருக்குப் பெரிதில்லை. தன்னை நம்பி வந்த ஒரு வயதாளியை நடுமைதானத்தில் நிறுத்தி ஊர் சிரிக்க விட்டுவிட்டேனே என்பதுதான் அவரைத் தின்றது. அவர் தன் இடத்திலிருந்து நடந்து வந்தார். வேகமாக வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக வந்தார். மிசியேக்கு முன்னால் வந்து நின்றார். என்ன சொல்வது? மாமாவிடம் இருந்த பிரெஞ்சு கோப்பைக்கும் கரண்டிக்கும் மட்டும்தான் காணும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

மிசியே அந்தக் கையைப் பார்த்தார். மாமாவைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் இருந்த வெளிச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. திடீரென்று அவர் மிகவும் கிழவராகிப்போனார். பிறகு பந்தை மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். மாமா தோளைத் தட்டப் போனார். அதற்குள் மிசியே நடக்கத் தொடங்கிவிட்டார்.

எல்லைக் கோட்டிலாவது நிற்பார் என்று நினைத்தோம். அவர் கோட்டைத் தாண்டி, எங்கள் பாயைத் தாண்டி, பஸ் தரிப்புப் பக்கம் போனார். நான் சோடாப் போத்தலோடு எழும்பி ஓடினேன். மிசியே, வேண்டுமா என்று நீட்டினேன். அவர் என்னைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கை நோகிறதாக்கும் என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

நாங்கள் தோற்றோம். ஒருவரும் மிசியேயைக் குறை சொல்லவில்லை. மாமாவைத்தான் சொன்னார்கள். இரவுச் சாப்பாட்டில் அப்பா வழமைக்கு மாறாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

“எறிஞ்சதில ஒண்டும் குறி தப்பேல்லை. சட்டத்தை விட்டுப்போட்டுச் சொன்னால், அப்பிடி ஒரு எறியை நான் கண்டதில்லை.”

“அதை அந்த மனிசனிட்டையெல்லோ சொல்லியிருக்க வேணும்” என்றா அம்மா.

அப்பா நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று அந்தக் கோடை போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கச்சானோடு இறங்கினேன். படியடியில் கதிரை இல்லை. கதவைத் தட்டினேன். மிசியே திறந்து, பொன்ஜூர் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். கதை சொல்லுங்கோ என்றேன். கதை முடிந்துவிட்டது பிள்ளை என்றார். கிண்ணத்தைப் பிடியுங்கோ என்று நீட்டினேன். நான் பழகியபடி அவர் கையை விரிப்பார் என்று காத்திருந்தேன். விரிக்கவில்லை. கிண்ணத்தை அப்படியே வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வெறுங்கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மறுநாள் எங்கள் வாசலில் வைத்திருந்தார். நாங்கள் தோற்றதால் வெட்கப்படுகிறார் என்று மாமாவுக்குச் சொன்னேன். மாமா கீழே போய்க் கதவைத் தட்டினார். பந்தைக் காட்டி, ஒழுங்கைக்கு வாருங்கோ என்று சைகை செய்தார். மிசியே தன் முழங்கையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாராம். பனி கொட்டத் தொடங்குமுன் அவருடைய தமக்கையின் மகன் வந்து அவரை முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது கீழ்வீட்டு ஜன்னலில் திரைச்சீலை இல்லை. அவர் எந்த இல்லத்துக்குப் போனார் என்று கேட்டுவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது நான் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிறேன். என் மகன் பள்ளிக்கூடத்துப் பேஸ்போல் குழுவில் எறிகிறான். எங்கள் பரம்பரையில் முதல்முறையாக ஒருவன் கையை மடித்து எறிவதை அப்பா உயிரோடிருந்து பார்க்கவில்லை, பிழைத்தார். சின்னமாமாதான் ஆட்டம் தவறாமல் மஞ்சள் மெற்றோவில் வருவார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு படியேறக் கஷ்டம், என்றாலும் வருவார். வரும்போது ஒரு பை கச்சான் கொண்டுவருவார்.

போன கோடையில் ஒருநாள் மகன் எறிந்துகொண்டிருந்தான். அவனுக்கு அன்று ஒன்றும் சரிவரவில்லை. அம்பயரின் கை எழும்பவில்லை. ஒருவன் நடந்து போனான், பிறகு இன்னொருவன் நடந்து போனான். அப்போது அவனுடைய பயிற்சியாளர் வாங்கிலிருந்து எழும்பி மைதானத்துக்குள் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக நடந்து வந்தார். மகனுக்கு முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். மகன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பந்தை அதில் வைத்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்து வந்தான்.

பக்கத்திலிருந்த இன்னொரு பிள்ளையின் தாயிடம், ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தானே, தன் தாத்தா காலத்திலும் அப்படித்தான் என்றாள். போ என்று வாயால் சொல்லமாட்டார்களாம். கையை நீட்டுவார்கள். பந்தைக் கொடுத்தால் எறிகிறவனுடைய ஆட்டம் முடிந்தது.

அந்தக் கை கச்சான் கேட்ட கை இல்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் மிசியே எனக்குக் காட்டியது, தன்னிடம் பந்தைப் பிடுங்க வந்த மனிதனின் கையை. வாயால் சொல்லமுடியாமல் கையால் காட்டினார். நான் பிரசாதம் போட்டேன். அவர் என்னைத் திருத்தவில்லை, சிரித்தார், சாப்பிட்டார். ஒருவேளை அதற்காகத்தான் மறுபடி மறுபடி அந்தக் கதையைச் சொன்னாரோ என்னவோ. அந்தக் கையில் கச்சான் விழுவதைப் பார்ப்பதற்காக. பிறகு ஒருநாள், எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்த ஒரு பின்னேரத்தில், அவரில் உயிரையே வைத்திருந்த என் மாமா போய் அதே கையை நீட்டினார்.

மாமா என் தோளைத் தட்டினார்.

“பாத்தியோ பிள்ளை, நல்ல வாத்தியார். பெடியன் இன்னும் அவமானப்பட முந்தி வந்து பந்தை வாங்கிப்போட்டார். நானும் அண்டைக்கு மிசியேக்கு இதைத்தானே செய்தனான். இல்லாட்டி அந்த மனிசனைச் சிரிச்சே சாக்காட்டியிருப்பாங்கள்.”

“ஓம் மாமா” என்றேன்.

அவருடைய வாழ்க்கையில் தான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக அதை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறார். மகன் வந்து வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். மாமா அவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, மைதானத்தைப் பார்த்தபடியே என் பக்கம் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். கச்சான் பை என் மடியில் இருந்தது. ஒரு பிடி அள்ளி வைத்தேன்.